கண்ணாடியை இறக்கினால் போதுமா?

குழந்தைகள் இருக்கும் காரில் புகைக்கத் தடை விதிப்பது தனிமனித உரிமையில் தலையிடுவது, போலீஸால் அதைக் கண்காணிக்கவும் முடியாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, கார் உங்களுடையதுதான். பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நுரையீரலுமா உங்களுடையது? வீட்டிலாவது அது வேறு அறைக்குப் போகலாம். ஓடும் காரில் எங்கே போகும்?

"கண்ணாடியை இறக்கிவிட்டுத்தானே புகைக்கிறேன்" என்பார்கள். புகை மொத்தமாக வெளியே போய்விடாது. உள்ளே வரும் காற்றே அதில் ஒரு பகுதியைப் பின்பக்கம் தள்ளிவிடும். சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 ரசாயனங்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுபவர்கள், அவர்களின் மூச்சுக்குழாயும் சிறியது. இந்தப் புகையால் ஆஸ்துமா, காதுத் தொற்று எல்லாம் அவர்களை எளிதில் பிடிக்கிறது.

போலீஸால் கண்காணிக்க முடியாது என்ற வாதம் மட்டும் ஓரளவு நியாயம். ஆனால் சீட் பெல்ட் சட்டத்துக்கும் இதையேதான் சொன்னார்கள். இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைத்தால் 50 பவுண்டு அபராதம். புகைப்பவர் பக்கத்து சீட்காரராக இருந்தாலும், தடுக்காத டிரைவரும் மாட்டுவார். எனக்குப் பிடித்த விதி இதுதான். அந்தச் சட்டம் இ-சிகரெட்டை விட்டுவைத்தது ஏன் என்பதுதான் புரியவில்லை.