சோடியம் செல்லைப் பழைய கன்ட்ரோலரில் மாட்டாதீர்கள்

சோடியம் பேட்டரி வந்துவிட்டதே, ஸ்கூட்டரில் இருக்கும் லித்தியம் செல்லைக் கழற்றிவிட்டு அதைப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். செல்லில் குறையில்லை; வண்டியின் மற்ற பாகங்கள் அதற்குத் தோதாக இல்லை.

60 வோல்ட் வண்டியைப் பாருங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் 20 செல் சீரிஸில் இருக்கும். ஒரு செல் 3.2 வோல்ட், ஓட்டத்தின் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். சோடியம் செல் நிரம்பும்போது 4 வோல்ட்டை ஒட்டி இருக்கும், காலியாகக் காலியாக 2 வரை சரியும். 20 செல்லுக்கு 80-லிருந்து 40. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரோ 52 வோல்ட் வாக்கிலேயே மோட்டாரை நிறுத்திவிடும்; அதுதான் கட்-ஆஃப். பழைய சார்ஜர் 73-ஐத் தாண்டாது. மேலேயும் நிரம்பாது, அடியில் இருப்பதும் கைக்கு வராது.

சார்ஜரை மட்டும் மாற்றி 80 வரை ஏற்றலாம் என்பவர்கள், கன்ட்ரோலரைத் திறந்து கெப்பாசிட்டர் அதிகபட்சம் எத்தனை வோல்ட் தாங்கும் என்று அதன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 80 என்றிருந்தால் ஆபத்து, 63 என்றால் பேச்சே இல்லை. கட்-ஆஃபை 40-க்கு இறக்கினால் வேறு வினை: 1500 வாட்டுக்கு 64 வோல்ட்டில் 23.4 ஆம்பியர் போதும், 40 வோல்ட்டில் 37.5 வேண்டும். வயரில் சூடு இரண்டரை மடங்கு.

எடையும் இருக்கிறது. சீன பேட்டரி நிறுவனம் சி.ஏ.டி.எல். 2025 ஏப்ரலில் அறிவித்த சோடியம் செல் கிலோவுக்கு 175 வாட்-அவர் ஆற்றல் கொள்ளும்; நல்ல எல்.எஃப்.பி.க்குச் சமம். ஆனால் சில்லறையில் கிடைக்கும் சிலிண்டர் செல்கள் பல 120-ஐ ஒட்டியே நிற்கின்றன. கடுங்குளிரிலும் சோராது என்பது பனி உறையும் சீன நகரமான ஹார்பினுக்கு வரம், வேலூர் மே மாதத்துக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. லித்தியத்தைவிட மலிவு என்ற வாதமும் 2024-இல் தளர்ந்தது: 2022 இறுதியில் சீனாவில் டன் 6 லட்சம் யுவானைத் தொட்ட லித்தியம் கார்பனேட், அந்த ஆண்டில் 1 லட்சத்துக்கும் கீழே வந்தது.

என் கணிப்பில் சோடியத்துக்கு உரிய இடம் டெல்லி, பீகார் பக்கம் ஓடும் இ-ரிக்‌ஷா. அங்கே போட்டி லெட் ஆசிட்டோடு. நான்கு பேட்டரி சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும், கிலோவுக்கு 30-40 வாட்-அவர்தான். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே போட்டுவைத்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். லித்தியம் செல்லை அடியோடு காலியாக்கினால் உள்ளே செம்புத் தகடு கரையும். சோடியத்தில் இரு பக்கமும் அலுமினியத் தகடு போடலாம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

அங்கும் சார்ஜரை மாற்றியே ஆக வேண்டும். 48 வோல்ட் ரிக்‌ஷாவுக்கான 16 சோடியம் செல் நிரம்ப 63 வோல்ட் வரை வேண்டும். 48 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் 58, 59-லேயே நின்றுவிடும்.