அடுப்புக்கு நாப் வேண்டும்

அம்மாவுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. நேராகப் பார்ப்பது கலங்கித் தெரியும், ஓரத்தில் இருப்பது ஓரளவு புலப்படும். ஆனாலும் சமையலை அவர் விடவில்லை. கேஸ் அடுப்பில் எந்த நாப் எங்கே இருக்கிறது, எவ்வளவு திருப்பினால் எவ்வளவு தீ வரும் என்பதெல்லாம் அவர் விரலுக்கே தெரியும். போன வருடம் சமையலறையைப் புதுப்பித்தபோது நான்தான் ஆசைப்பட்டு டச் கன்ட்ரோல் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பைப் பதிக்கச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடி, மேடு பள்ளம் எதுவும் கிடையாது. பார்க்க அவ்வளவு அழகு.

முதல் வாரமே அம்மா அடுப்பை விட்டு ஒதுங்கிவிட்டார். "இதைக் கொஞ்சம் குறைச்சு வையேன்" என்று ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. சரி, பொத்தான் இருக்கும் இடம் விரலுக்குத் தெரிந்தால் போதுமே என்று புள்ளி போலப் புடைத்திருக்கும் சின்ன ஸ்டிக்கர்களை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் புள்ளியைத் தேடி விரல் கண்ணாடியில் நகரும்போதே, வழியில் இருந்த பொத்தான்கள் எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. ஒரு அடுப்பு அணைந்தது, இன்னொன்று முழு வேகத்துக்குப் போனது. நாப் என்றால் முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அப்புறம் திருப்பலாம். டச் பேனலில் தொட்டாலே அது கட்டளை. தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அம்மாவால்தான் நான் இதைக் கவனித்தேன். ஆனால் கவனிக்கத் தொடங்கிய பிறகு, நன்றாகக் கண் தெரிகிற எனக்கும் அதே அடுப்பு எவ்வளவு இடைஞ்சல் என்பது புரிந்தது. சமைக்கிறவர்களின் கை எந்நேரமும் ஈரமாகவோ எண்ணெய்ப் பசையோடோதான் இருக்கும். கண் பாத்திரத்தின் மேல் இருக்கும். ஒரு கை கரண்டியைப் பிடித்திருக்கும். இந்த நிலையில் வேலை செய்யாத ஒன்றை அடுப்பில் எதற்கு வைக்கிறார்கள்?

டச் பேனல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன மின்புலம் இருக்கிறது. விரல் அருகே வந்தால் அது கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் அடுப்பு, ‘பொத்தானை அழுத்திவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் சிந்தினாலும் அதே புலம் மாறும். ஈரத்துணி பட்டாலும் மாறும். அதே சமயம், தடிமனான சமையலறைக் கையுறை போட்ட விரல் அதற்குத் தெரியாமலே போகலாம்.

பால் பொங்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்குகிறது, குறைக்க வேண்டும், அதுவும் அந்த நொடியிலேயே. எங்கள் அடுப்பில் முதலில் எந்த அடுப்பு என்று தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் கழித்தல் குறியை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். 9-இலிருந்து 3-க்கு வர ஆறு தட்டு. அதற்குள் பால் வழிந்து பேனல் மேலேயே ஓடிவிடும். உடனே அது கீச் கீச்சென்று கத்திவிட்டு, எரிந்துகொண்டிருந்த எல்லா அடுப்பையும் சேர்த்து அணைத்துவிடும். அணைவது பாதுகாப்புக்குத்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்து அடுப்பில் பாதி வெந்துகொண்டிருந்ததும் நின்றுவிடும். கொதிக்கக் கொதிக்க வழிந்திருக்கும் பாலைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் மறுபடி பற்றவைக்க முடியும்.

இண்டக்‌ஷனின் பெருமையே அதன் வேகம்தான், எனக்கு ஆற்றாமையாக இருப்பதும் அதனால்தான். அடியில் இருக்கும் சுருளில் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசைமாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. கம்பிச்சுருள் சிவக்கச் சூடேறும் பழைய மின் அடுப்புபோல முதலில் தான் சூடேறி, அப்புறம் பாத்திரத்துக்குக் கொடுத்து, அணைத்த பிறகும் கனன்றுகொண்டிருப்பதில்லை. குறை என்றால் அந்தக் கணமே குறையும். அப்படிப்பட்ட அடுப்பை ஆறு தட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள். விரலை வைத்து இழுக்கிற ஸ்லைடர் வகை இதைவிடப் பரவாயில்லை, ஒரே இழுப்பில் குறையும். ஈரத்தில் அதுவும் தடுமாறும்.

இது சமையலறையோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2017-இல் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலைச் செலுத்தும் தொடுதிரை அமைப்பு ஏற்படுத்திய குழப்பமும் விசாரணையில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019-இல் அந்நாட்டுக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தப் பழையபடி கையால் தள்ளும் நெம்புகோல்களுக்கே திரும்பப்போவதாக அறிவித்தது. கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பும், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்கு நிஜமான பொத்தானோ லீவரோ இருக்க வேண்டும் என்று கேட்கிறது. கண் வேறிடத்தில் இருக்கும்போது கை தானாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால், பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

நாப்பிலும் குறை உண்டு. 2024 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் அமெரிக்காவில் 11 லட்சத்துக்கும் அதிகமான மின் அடுப்புகளுக்கு ரீகால், அதாவது விற்ற பொருளின் குறையைச் சரிசெய்து தரும் நடவடிக்கை, அறிவித்தது. முன்பக்கத்தில் இருந்த நாப்களை மனிதர்களோ வளர்ப்புப் பிராணிகளோ தெரியாமல் உரசித் திருப்பிவிட, சுமார் 250 தீ விபத்துகள் நடந்திருந்தன. சின்னக் குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அழுத்தித் திருப்பினால் மட்டுமே சுழலும் நாப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். இண்டக்‌ஷனில் ஒரு நிம்மதி, மேலே இரும்புப் பாத்திரம் இல்லையென்றால் நாப் திரும்பினாலும் அது சூடேற்றாது. அட்டைப்பெட்டியையோ துணியையோ வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெறும் வாணலியை மேலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் இந்த நிம்மதியும் போய்விடும்.

துடைப்பது டச்சில்தான் சுலபம், அதில் வாதமே இல்லை. நாப்பின் இடுக்கில் பிசுக்கு சேரும், கழற்றிக் கழுவத்தான் வேண்டும். தினமும் பத்துத் தடவை அடுப்பைக் கூட்டிக் குறைக்கிறோம், நாப்பைக் கழுவுவது வாரத்துக்கு ஒருமுறை. எனக்கு எது முக்கியம் என்பதில் சந்தேகமில்லை.

எல்லா நாப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இண்டக்‌ஷனில் நாப் எதையும் நேரடியாகத் திறந்து மூடுவதில்லை, உள்ளே இருக்கும் மின்னணு போர்டுக்குச் செய்தி சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகும் நாப்களும் வருகின்றன. அதில் எத்தனையில் இருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அம்மாவுக்கு அது டச் மாதிரியேதான். பூஜ்யத்தில் ‘டக்’கென்று நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும், அடுப்புக்கு ஒன்றாகத் தனித்தனி நாப் இருக்க வேண்டும். காந்தத்தால் ஒட்டி நிற்கும், கையோடு எடுத்துவிடக்கூடிய ஒற்றை நாப்பும் உண்டு. துடைக்க வசதிதான், ஆனால் எடுத்து எங்காவது வைத்துவிட்டால் தேட வேண்டியதுதான். அம்மாவுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அடுப்பை மாற்றினோம். வாங்குவதற்கு முன் அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய், கையை நனைத்துக்கொண்டு, பார்க்காமல் அணைத்துக் காட்டச் சொன்னேன். மூன்றாவதாக வைத்திருந்ததில் ஒரே திருப்பில் அணைத்தார். அதைத்தான் வாங்கினோம். இதிலும் 4 எங்கே, 7 எங்கே என்பது முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பழைய கண்ணாடியில் ஒட்டிப் பயனில்லாமல் போன ஸ்டிக்கரில் மீதம் இருந்தது. நாப்பின் கோட்டில் ஒன்று, பக்கத்தில் 4-க்கு நேராக ஒன்று, 7-க்கு நேராக இரண்டு என்று ஒட்டிக் கொடுத்தேன். இப்போது அடுப்பைக் குறைக்க அவர் என்னைக் கூப்பிடுவதில்லை.