சுறா மக்கர் செய்ததால் ஓடிய படம்

ஆளைக் கடிக்கும் சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படம் எடுத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1974-ல் கடலில் ஷூட்டிங். இயந்திரச் சுறா செய்து கொண்டுபோய் இறக்கினால், உப்புத் தண்ணி பட்டதும் அது படுத்துவிட்டது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு அப்போது 27 வயது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே எடுத்தார். சுறா தண்ணியில் இழுத்துக்கொண்டு போகும் மஞ்சள் பீப்பாய், ஜான் வில்லியம்ஸின் அந்த ரெண்டே ரெண்டு ஸ்வரம், அவ்வளவுதான். சுறா முழுசாகத் தலையைத் தூக்கும்போது படம் ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குள் நமக்குக் காலைத் தரையில் வைக்கவே பயம்.

சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் பத்தாவது நிமிஷமே வந்து வாயைப் பிளந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இன்று வருகிற பெரிய படங்களில் சுறா நன்றாக வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை. கேட்டதெல்லாம் கிராபிக்ஸில் கிடைத்துவிடுகிறது. ட்ரெய்லரிலேயே பாதியைக் கொட்டிவிடுகிறார்கள், மீதியை முதல் சீனில்.

'ஜுராசிக் பார்க்' இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். அதில் டைனோசர் திரையில் இருப்பது மொத்தமே கால் மணி நேரம். டி-ரெக்ஸ் வருவதற்கு முன் என்ன வருகிறது? ஒரு டம்ளர் தண்ணியில் வட்ட வட்டமாக அலை. இன்னும் நினைவில் நிற்பது அந்த டம்ளர்தான்.

உடனே "அப்போ காட்டாமல் இருந்தால் ஹிட்டா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2014-ல் வந்த 'காட்ஸில்லா' அதைத்தான் செய்தது. மிருகம் வந்து நின்று கர்ஜிக்கும், படம் சட்டென்று ஒரு வீட்டு டிவிக்குப் போய்விடும், சண்டையை அந்தக் குட்டித் திரையில் பார்க்க வேண்டும். பலருக்கும் எரிச்சல். எனக்கும்தான். காக்க வைப்பது வேறு, இழுத்தடிப்பது வேறு. 'ஜாஸ்' படகில் இருந்த மூன்று பேரோடு நாமும் உட்கார்ந்திருந்தோம், அவர்களில் யார் செத்தாலும் வலிக்கும். இங்கே ஹீரோவின் பெயரே வெளியே வந்ததும் மறந்துபோச்சு.

இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார் 'டைட்டானிக்' தான். முடிவு உலகத்துக்கே தெரியும். கப்பல் பனிப்பாறையில் மோதவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் கேமரூன் ஒரு வேலை செய்தார், கவனித்தீர்களா? ஆரம்பத்திலேயே கதாநாயகி ரோஸ், இப்போது வயதானவள், அவளுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். முன்பக்கம் நிரம்பும், பின்பக்கம் தூக்கும், நடுவில் முறியும், செங்குத்தாக நின்று முங்கும். பாடம் அவளுக்கு அல்ல, நமக்கு. அதனால் பின்னால் அந்தக் களேபரத்தில் யார் எந்தப் பக்கம் ஓடினாலும், அடுத்து எது சாயும் என்று நமக்குத் தெரியும். தெரிவதால்தான் பதறுகிறோம். இப்போதைய க்ளைமாக்ஸ்களில் ஊரே இடிந்து விழுகிறது, யார் எங்கே நிற்கிறார் என்றே புரிவதில்லை. புரியாத இடத்தில் பதற்றம் எங்கிருந்து வரும்?

'டைட்டானிக்' செலவு சுமார் 20 கோடி டாலர். 1997 டிசம்பரில் அமெரிக்காவில் முதல் மூன்று நாள் வசூல் 2.86 கோடி. இன்றைக்கு இப்படி ஒரு ஓப்பனிங் வந்தால் ஞாயிறு ராத்திரியே "படம் காலி" என்று பதிவு போட்டுப் பாலும் ஊற்றிவிடுவோம். அது தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. முதல் வாரம் போஸ்டருக்கு வருகிற கூட்டம். இரண்டாவது வாரம் வருகிறவர், பார்த்தவர் சொல்லி வருகிறவர். அவரை விளம்பரத்தால் வாங்க முடியாது.

சரி, படம் நல்ல படம். தியேட்டர்? அதை யாரும் பேசுவதில்லை. திரையில் இவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று கணக்கே இருக்கிறது, 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). பல்பு பழசானால் குறையும். த்ரீடி படத்துக்கு மாட்டிய ஃபில்டரைக் கழற்றாமல் சாதா படம் ஓட்டினால் இன்னும் மோசம். ஒருமுறை நான் மாட்டிக்கொண்டேன். ராத்திரிச் சண்டை. ரெண்டு உருவம் கட்டிப் புரளுகிறது, ஒருத்தன் கத்துகிறான், குத்தியது யார் குத்துப்பட்டது யார் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் செல்போனைத் திறந்தார், அந்த வெளிச்சம் திரையை விடப் பளிச். வெளியே போய்ச் சொன்னேன். "படமே அப்படித்தான் சார்" என்றார் அங்கிருந்தவர். சில மாதம் கழித்து வீட்டில் பார்த்தேன், ஒவ்வொரு விரலும் தெரிந்தது. அந்த ராத்திரி ஹாலில் இருந்தவர்கள் வெளியே போய் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஒண்ணும் புரியலப்பா, மொக்கை." இயக்குநர் பாவம், எங்கே சொதப்பினோம் என்று திரைக்கதையைப் புரட்டிக்கொண்டிருந்திருப்பார்.

அப்புறம்தான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். சில வகை ப்ரொஜெக்டரில் அந்த ஃபில்டர் மாட்டியிருந்தால், ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு ஒளிக்கற்றை வருமாம். அடுத்த வாரம் பெரிய படம் ஒன்று வருகிறது. ட்ரெய்லர் பார்க்கவில்லை, பார்க்கப் போவதுமில்லை. போய் உட்கார்ந்ததும் திரும்பி, ப்ரொஜெக்டர் வெளிச்சம் வரும், பின்சுவரில் இருக்கிற அந்தச் சின்ன ஜன்னலைத்தான் முதலில் பார்ப்பேன்.