மட்டம் பார்த்து நட்ட நூறு மனிதர்கள்

இங்கிலாந்தின் பழைய பிரபுக்கள் கட்டிய கிராமப்புற மாளிகைகளின் தோட்டங்களில் நவீனச் சிற்பங்களைக் காட்சிக்கு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றில் பல, கல்யாண மண்டப வாசலில் நிறுத்திய அலங்கார வளைவைப் போல, இடத்தோடு ஒட்டாமல் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். 2024 கோடையில், நார்ஃபோக் மாவட்டத்தின் ஹௌட்டன் ஹால் மாளிகைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் ‘டைம் ஹொரைஸன்’ காட்சியைப் பார்க்கப் போனபோதும் இந்தச் சலிப்போடுதான் போனேன்.

சுமார் 300 ஏக்கரில் ஆளுயர வார்ப்பிரும்பு உருவங்கள் நூறு. ஒவ்வொன்றும் 620 கிலோ எடை. முதலில் கண்ணில் பட்டது புல்லுக்கு மேல் தெரிந்த ஒரு தலை மட்டுமே. சற்றுத் தள்ளி ஒன்று மார்பளவு புதைந்திருந்தது. தாழ்வான நிலத்தில் மற்றொன்று உயரமான கான்கிரீட் தூணின் மேல் நின்றது. இது ஏதோ விளையாட்டு என்று எண்ணி நடந்த எனக்கு, அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. நம் ஊர்க் கொத்தனார்கள் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அப்படி நூறு உருவங்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நிலம் மேடானால் உருவம் புதைகிறது, பள்ளமானால் தூண் வளர்கிறது. தட்டையென்று நான் நினைத்திருந்த அந்தப் புல்வெளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அந்தச் சிலைகள்தாம் எனக்குக் காட்டிக்கொடுத்தன.

கோர்ம்லி 1970களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கிப் பௌத்த தியானம் பயின்றவர். இந்த உருவங்களின் கைகட்டாத, முகபாவமற்ற நிற்பைப் பார்க்கையில் அது நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் என் மனம் தியானத்தில் நிற்கவில்லை.

பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் 1720களில் இந்த மாளிகையைக் கட்டியபோது, பூங்காவின் அழகுக்காக அங்கிருந்த கிராமத்தையே அகற்றி, வெளிவாயிலுக்கு அப்பால் புதிய வீடுகள் கட்டிக் குடியமர்த்தினார். ஊரார் வணங்கிய தேவாலயம் மட்டும் இன்றும் மான்கள் மேயும் வெளியில் தனியே நிற்கிறது. வெறும் இயற்கை என்று நாம் வியக்கும் இந்தப் பரப்பு, மனிதர்களை நகர்த்தி வாங்கிய காட்சி. அந்த மண்ணில் கழுத்தளவு புதைந்த மனிதர்களை நடுவதற்குச் சிற்பி இந்த வரலாற்றை எண்ணினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. முதலில் இத்தாலியில் ஒரு தொல்லியல் பூங்காவுக்காக உருவான படைப்பு, இங்கே வந்ததும் வேறொரு பொருள் பெற்றுவிட்டது என்பதே என் கட்சி.

இன்னொரு காட்சிக்கூடத்தின் வெள்ளைச் சுவருக்குள் இதே நூறையும் அடுக்கினால் வெறும் இரும்புதான் மிஞ்சும். மற்ற மாளிகைத் தோட்டங்களில் நான் பார்த்த பளபளக்கும் எஃகுப் பந்துகளையும் ராட்சதப் பூக்களையும் அங்கிருந்து எடுத்துவிட்டால், தோட்டத்துக்கு ஒரு குறையும் வராது.

வெளியேறும் வழியில், சாலையின் இருபுறமும் வால்போல் கட்டிய அந்த வெள்ளை வீடுகளைப் பார்த்தேன். அவற்றில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள்.