பாபநாசம் படித்துறையில் ஒரு வேட்டி வீச்சு

மறுபடியும் அதே கூத்து. அமாவாசை வந்தாச்சு, முங்கிட்டுத் துணியை ஆத்துல விட்டா பாவம் போயிரும்னு கூட்டமும் வந்தாச்சு. தாமிரபரணிக் கரையில, பாபநாசம் படித்துறையில தண்ணி தெரியல, துணிதான் தெரியுது.

அதுல ஒரு ஆளோட வீச்சைப் பார்க்கணுமே! மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூணு முங்கு. எழும்பி மேல ஏறுவாருன்னு பார்த்தா, இடுப்பளவு தண்ணியில நின்னபடியே துண்டைச் சுத்திக்கிட்டு வேட்டியை உருவுறாரு. கரை போட்ட வேட்டி, இன்னும் ஒரு தீபாவளி தாங்கும். அதைத் தலையைச் சுத்தி மூணு சுத்து சுத்துறாரு. ஒரு கும்பிடு. அப்புறம் தோளுக்குப் பின்னால அப்படியே விடுறாரு, திரும்பியே பார்க்காம. பார்த்தா பாவம் கூடவே வந்துருமாம். வேட்டி எங்க போச்சுன்னு அவருக்கென்ன? ரெண்டு எட்டு தள்ளிப் பாறை இடுக்குல சிக்கி, போன அமாவாசைக்கு யாரோ விட்ட பச்சைப் புடவையைக் கட்டிப்பிடிச்சுக் கிடக்கு.

துணி மிதந்தே கடலுக்குப் போயிரும்னு எந்த மகராசன் சொன்னானோ! நனைஞ்ச துணி கனத்து அடியில இறங்கும். பாறையைச் சுத்தும், மேல மணல் ஏறும், அடுத்த துணி வந்து அதுல மாட்டும். புடவை ஒண்ணு அஞ்சரை மீட்டர். நாலு சேர்ந்தா வடக்கயிறு. அதுக்குள்ள கால் போனா உதற உதற இறுகும், நீச்சல் தெரிஞ்சவனுக்கும் அதே கதிதான். கரையில நின்னு இழுத்தா வராது. ஆள் முங்கி, அரிவாளால அறுத்து, துண்டு துண்டாத்தான் ஏத்தணும். பருத்தியாவது என்னைக்காவது மக்கும். பாலியஸ்டர்? அது பிளாஸ்டிக்கு ஐயா! நூலா இழுத்து நெஞ்ச பிளாஸ்டிக்கு!

இதுல இன்னொண்ணு. மேல அகஸ்தியர் அருவிக்குப் போற வழியில சோதனைச் சாவடி. 1988லயே புலிகள் காப்பகம் ஆன காடு, பையைத் திறந்து பார்க்கத்தான் செய்வாங்க. ஒரு பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலைப் பிடுங்கி வச்சதுக்கு "இதுக்குப் போயா?"ன்னு சலிச்சுக்கிறாங்க, கீழ முழுச் சட்டையையே ஆத்துல விட்டுட்டு வந்த புண்ணியவான்கள்.

திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிறது இந்தத் தண்ணியைத்தான். ஆத்துக்குக் குறுக்க எட்டு அணைக்கட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டத்துல. உங்க பாவம் ஒவ்வொண்ணுலயும் தட்டி நின்னுதான் வைகுண்டம் சேரணும், பார்த்துக்கோங்க. ஈரத்துணிக்குன்னு ஒரு பை கொண்டுவந்தா என்ன? பிழிஞ்சு, மடிச்சு, உள்ள போட்டா வேலை முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம்.

நம்ம வேட்டிக்காரர் என்ன ஆனாரா? படியேறி, துடைச்சு, புது வேட்டி கட்டி, நெத்தி நிறைய திருநீறு பூசிட்டு, கீழயும் மேலயும் தேடுறாரு. செருப்பைக் காணோம்.

"போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலய்யா! கோயில் வாசல்லயே இப்படியா?"