போன் லைன் வழியாக நெட் வரும் வீட்டில் ஒரு ஃபில்டரை ஒழுங்காக மாட்டத் தெரிந்த ஆளே கிடையாதா?

இன்றைக்கும் அதே கூத்து. மகள் வேலைக்கான இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறாள். மாடியில் லேண்ட்லைன் அடிக்கிறது, அம்மா எடுத்து ஹலோ என்கிறார். அவ்வளவுதான், மோடத்தில் நெட் வருவதைக் காட்டும் டிஎஸ்எல் லைட் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. அது திரும்ப நிலைக்கு வருவதற்குள் இன்டர்வியூ முடிந்தே போனது.

மாடி போனுக்கு, நெட் சிக்னலும் போனும் ஒன்றையொன்று கெடுக்காமல் தடுக்கிற ஃபில்டர் இல்லை. கோளாறு அது ஒன்றுதான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது!

கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பியிடம் அன்றைக்கே சொன்னேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் போன் லைன் வந்து சேரும் ரோசட் பெட்டி, அங்கிருந்து ஒரு வயர் ஹாலுக்கு, இன்னொன்று பேரலலாக மாடிக்கு. ‘லைன் பிரிவதற்கு முன்னாலேயே, போனையும் நெட்டையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாடிக்குத் தனியாக ஒரு ஃபில்டர் கொடுங்கள்’ என்றேன். காதிலேயே வாங்கவில்லை. ஹாலில் மோடத்தை ஒட்டி ஸ்ப்ளிட்டரை வைத்து மூன்று துளையிலும் வயரைச் செருகினார். ‘அதெல்லாம் போதும் சார், பச்சை லைட் வந்துடுச்சு பாருங்க.’ வரத்தானே செய்யும், மாடியில் போனை எடுக்காதவரைக்கும்! எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எடுத்தார். ரிசீவரில் ஸ்ஸ்ஸென்று இரைச்சல், கீழே லைட் காலி. ‘போன் பழசு சார், மாத்திடுங்க’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

புகார் கொடுத்ததும் அடுத்தவர் வந்தார். கையில் ஃபில்டரோடு வந்தாரே என்று மனசு குளிர்ந்தது. அதைக் கொண்டுபோய் மோடத்துக்குப் போகிற வயரில் மாட்டினார் ஐயா, மோடத்துக்கு! இருந்த நெட்டும் மொத்தமாகச் செத்தது. ‘நீங்கதானே சார் ஃபில்டர் கேட்டீங்க’ என்று என்னிடமே கேட்கிறார். அதைக் கழற்றி மாடிக்குப் போடுங்கள் என்றால், புகாரில் அப்படி எழுதவில்லையாம். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ்.

இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? போனில் போகும் பேச்சுக் குரலின் அதிர்வெண் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடிந்துவிடும். நெட்டைக் கொண்டுவரும் ஏடிஎஸ்எல் சிக்னல் ஏறக்குறைய 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. இரண்டும் ஒரே செப்புக் கம்பியில்தான் ஓடுகின்றன. ஃபில்டருக்கு உள்ளே சில காயில், சில கெப்பாசிட்டர், அவ்வளவுதான். குரலை மட்டும் போனுக்கு விட்டு, மேலே உள்ளதைத் தடுக்கிறது ஃபில்டர். போனை எடுக்கும்போது லைனில் வரும் மாற்றம் மோடத்தைத் தொந்தரவு செய்யாமலும் பார்த்துக்கொள்கிறது. போன், ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி என்று லைனில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வேண்டாதது மோடம் ஒன்றுக்குத்தான். இதை வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிக்கொடுத்து அனுப்பக் கூடாதா?

ஃபைபருக்கு மாறுங்கள் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வரவில்லை. கஸ்டமர் கேரிலோ எதைச் சொன்னாலும் ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? முன்னால் இருக்கும் தாளில் அதுதான் எழுதியிருக்கும். வயிறு எரிவது, நாளைக்கு மகள் அந்த அலுவலகத்துக்கு என்ன சொல்லி எழுதுவாள் என்பதை நினைத்தால்தான்.

இதற்கு நடுவில் வாசலில் காஸ்காரர் நிற்கிறார். பில்லில் போட்டிருக்கும் தொகைக்கு மேலே ஐம்பது ரூபாய் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் எல்லாரும் கொடுக்கிறார்களாம். இரண்டு படி ஏறிச் சிலிண்டரை உள்ளே வைக்கக் கூட மாட்டாராம்!