குடியை நிறுத்தியவரின் கை நடுக்கம் நடிப்பல்ல

“குடிநோய் என்று ஒன்றுமில்லை, மனவுறுதி இல்லாதவனை நான்கு நாள் அறையில் பூட்டி வைத்தால் திருந்திவிடுவான்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது, உயிருக்கும் ஆபத்தானது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் மூளை மதுவுக்கு ஈடுகொடுத்துப் பழகியிருப்பதால், அது திடீரென நின்றதும் நரம்புகள் கட்டுமீறிக் கிளர்ச்சியடைகின்றன. தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். பின்னர்ச் சிலருக்குச் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகத் தோன்றும் மனக்குழப்பம் ஏற்பட்டு, சிகிச்சையின்றி உயிரும் போகலாம். இதை நடிப்பென்று ஏசுவது கொடுமை. மருத்துவர்கள் நரம்புக் கிளர்ச்சியைத் தணிக்கும் டயசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தும், தயமின் (வைட்டமின் பி1) செலுத்தியும் இக்கட்டத்தைக் கடக்க உதவுகிறார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மதுப் பழக்கம் சார்ந்த மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அறையைப் பூட்டாமல் 14446 என்ற கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள்; வலிப்பு வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.